எங்கள் கப்பலுக்குச் சங்கிலியா, கயிறா

ஏற்காட்டு ஏரியில் எங்களுக்கு ஒரு கப்பல் இருந்தது என்று சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. கப்பல் என்பது என் கணவர் வைத்த பெயர். உள்ளபடி சொன்னால் நாலு பேர் நெருக்கி உட்காரக்கூடிய ஒரு படகு, நடுவில் ஒரு மரம், அதில் ஒரு பாய். ஆனால் 'கப்பலில் அமர்ந்து போட்டோ எடுக்கப்படும்' என்று ஸ்டூடியோ வாசலில் பெரிய எழுத்தில் எழுதிவைத்துவிட்டார். அப்புறம் அதைப் படகு என்று சொல்ல எனக்கே மனசு வரவில்லை.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. பஸ் நிறுத்தத்துக்கும் ஏரிக்கும் இடையில் எங்கள் போட்டோ ஸ்டூடியோ. முன்னால் கடை, பின்னால் வீடு. புதிதாகக் கல்யாணமானவர்கள் மலைக்கு வந்தால் எங்களிடம் வந்து கன்னத்தோடு கன்னம் வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்ளாமல் கீழே இறங்கமாட்டார்கள். அது ஒரு காலம். பிறகு மாப்பிள்ளைகள் கழுத்திலேயே காமிராவைத் தொங்கவிட்டுக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்க ஆரம்பித்தார்கள். மாமனார் வீட்டுச் சீர்வரிசையில் அதுவும் சேர்ந்துவிட்டது போலிருக்கிறது. எங்கள் கடையில் ஈ ஓட்டினோம்.

என் கணவரின் அண்ணனுக்குச் சேலத்தில் இரும்புக் கடை. நல்ல மனிதர், ஆனால் எதையும் தீர்த்துச் சொல்லிவிடுவார். பொங்கலுக்குப் போனபோது சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே சொன்னார். "இந்த மே மாசம் பாருங்க. சரிப்படலீன்னா கடையக் கட்டிட்டுக் கீழ வந்துருங்க. மாடி ரூமு சும்மாதான் கெடக்குது. தம்பி கல்லாவப் பாத்துக்கட்டும்."

என் கணவர் தலையாட்டினார். கல்யாணமான புதிதில் அந்த மாடி அறையில் ஒரு வருஷம் இருந்திருக்கிறேன். மேலே தகரக் கொட்டகை, கீழே கூட்டுக்குடும்பம். அடுப்படியில் கடைசி மருமகளுக்கு என்ன அதிகாரம் இருக்கும்? உப்புப் போடக்கூட ஒரு வார்த்தை கேட்க வேண்டும். ஏற்காட்டில் என் அடுப்பு என்னுடையது, என் உப்பு என்னுடையது. மலையை விட்டு இறங்க எனக்குத் துளியும் விருப்பமில்லை. அதை வாய்விட்டுச் சொன்னால் அண்ணன் தம்பியைப் பிரிக்க வந்தவள் என்று ஆகிவிடும். அதனால் பாயசத்தை இன்னொரு தம்ளர் வாங்கிக் குடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

அந்த நேரத்தில்தான் கப்பல் வந்தது. நாகலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட் கைமாறியது. விற்றுவிட்டுப் போகிற துரை வீட்டில் குடும்பப் படம் எடுக்க என் கணவரைக் கூப்பிட்டிருந்தார்கள். காப்பிக்கொட்டை உலர்த்தும் கொட்டகையின் மூலையில் இந்தப் பாய்மரப் படகு கிடந்திருக்கிறது. துரையின் மகன் எந்தக் காலத்திலோ ஆசைப்பட்டு வாங்கியது. அதற்குள் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. எடுத்துக்கொண்டு போனால் இடம் காலியாகும் என்று துரையம்மா சொல்ல, இவர் கோழியை மட்டும் இறக்கி விட்டுவிட்டு எஸ்டேட் டிராக்டரில் படகை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

"காமிரா வெச்சிருக்கறவன் கப்பல் வெச்சிருப்பானா?" என்றார் என்னிடம். அவர் மூளையை நான் குறைத்து எடைபோட்டிருந்தேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பாயைக் காடாத் துணியில் நானே புதிதாகத் தைத்தேன். கோழி எச்சத்தைச் சுரண்டி, படகுக்கு நீலப் பெயிண்ட் அடித்தோம். படகுத்துறை சூப்பர்வைசரிடம் கேட்டபோது அவர் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்.

"ஏரிக்குள்ள நிறுத்திக்கங்க, வேண்டாங்கல. ஆனா போட்ட எடத்துலயே நிக்கோணும். நம்ம துடுப்புப் படகு போற வழிக்கு வந்துதுன்னா, அன்னைக்கே கரையேத்திருவேன். அப்பறம் என்னைக் கோவிச்சுக்கப்படாது."

ஆக, எங்கள் பிழைப்பு முழுக்க அந்தக் கப்பல் நகராமல் நிற்பதில் வந்து நின்றது. நகர்வதற்கென்றே செய்த ஒரு பொருளை நகராமல் பார்த்துக்கொள்வதுதான் எங்களுக்கு வேலை.

படகோடு ஒரு நங்கூரமும் வந்தது. நாலு பக்கமும் வளைந்த கொக்கிகள், மேலே ஒரு வளையம். வளையத்தில் கட்ட வேண்டியது எதுவும் வரவில்லை. மாரமங்கலத்தில் மிளகும் காப்பியும் வைத்திருக்கிற என் அண்ணன் கப்பலைப் பார்க்க வந்தவன், நங்கூரத்தைக் கையில் தூக்கிப் பார்த்தான்.

"ஏனுங்க மாப்பள, இது நம்ம பாதாளக் கரண்டியாட்டமே இருக்குதுங்களே!"

கிணற்றில் வாளி விழுந்தால் துழாவி எடுக்கிற பாதாளக் கரண்டியைத்தான் சொன்னான். அப்படியே அச்சு அசலாக இருந்தது. இந்த ஒரு பேச்சுதான் எங்கள் எல்லோரையும் கவிழ்த்தது. அந்த நிமிஷத்திலிருந்து அது எங்களுக்குக் கிணற்றுச் சாமான் ஆகிவிட்டது. கிணற்றுக்குக் கயிறு எப்படி எடுப்போம்? ஆழத்தை அளந்து, கையில் பிடிக்க ஒரு முழம் கூட வைத்து வெட்டுவோம். என் கணவரும் என் அண்ணனும் ஒரு துடுப்புப் படகில் போய், நீளமான மூங்கிலை ஏரிக்குள் ஊன்றி ஆழம் பார்த்து, மூங்கிலில் சுண்ணாம்பால் கோடு போட்டுக்கொண்டு வந்தார்கள். அளவு கிடைத்துவிட்டது. இனிமேல் எதனால் கட்டுவது என்பதுதான் பாக்கி என்று எல்லோரும் நினைத்தோம்.

அங்கேதான் இரண்டு குடும்பமும் முட்டிக்கொண்டது. சேலத்து மாமா, அதாவது என் கணவரின் அண்ணன், விஷயம் கேள்விப்பட்டதும் தன் கடையிலிருந்து சங்கிலியை அந்த மூங்கில் அளவுக்குச் சரியாக வெட்டி பஸ்ஸில் போட்டு அனுப்பினார். கனத்த கண்ணிகள், மரம் இழுக்கிற சங்கிலி. "இரும்புக்கு மிஞ்சி ஒண்ணுமில்லேன்னு சொல்லு" என்று கண்டக்டரிடம் சொல்லியும் அனுப்பியிருந்தார். அதே வாரம் என் அண்ணன் மாரமங்கலத்திலிருந்து தோளில் ஒரு பெரிய கயிற்றுக் கட்டோடு வந்து இறங்கினான். புது நைலான் கயிறு, சுண்டுவிரலை விடத் தடிமன். பலாப்பழம் இறக்குவதற்கென்று வாங்கியதாம்.

"சங்கிலி நாய்க்குக் கட்டறதுங்க மாப்பள. ஏரித் தண்ணியில ஒரே மாசத்துல துருப்புடிச்சுப் போகும். கவுறுதான் வளைஞ்சு குடுக்கும்."

"கவுறு அறுந்து போச்சுன்னா?"

"மூட்ட மூட்டயா பலாப்பழம் தாங்குதுங்க. உங்க கப்பலத் தாங்காதுங்களா?"

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் எங்கே பார்ப்பேன்? என் பிறந்த வீட்டுப் பொருள் கயிறு. அவர் பிறந்த வீட்டுப் பொருள் சங்கிலி. எங்கள் வீட்டில் ஒரு வாரம் காலையில் இட்லியோடு சங்கிலியும் ராத்திரியில் தோசையோடு கயிறும் பரிமாறப்பட்டன. "உங்க அண்ணன் எதையும் சரியாப் பாக்கமாட்டாருங்க" என்று நான் சொல்ல, "உங்க அண்ணன் பார்த்த லட்சணந்தான் தெரியுதே" என்று அவர் சொல்ல, பக்கத்துக் கடைக்காரர் சுவரில் காது வைத்துக் கேட்டிருப்பார். கடைசியில் பெரியவருக்கு மரியாதை என்று சங்கிலி ஜெயித்தது.

சங்கிலி போட்டதும் கப்பலின் மூக்கு தண்ணீரைப் பார்த்துக் குனிந்துகொண்டது. பாயை விரித்துவிட்டுப் பார்த்தால், வந்தவர்களுக்கு வணக்கம் சொல்கிறமாதிரி இருந்தது. அதையும் அழகு என்றே சொல்லி இரண்டு நாள் படம் எடுத்தோம். மூன்றாம் நாள் ஈரோட்டிலிருந்து வந்த ஒரு புதுப்பெண் சங்கிலிமேல் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். மாம்பழ நிறப் பட்டுப் புடவையில் முதுகுவரைக்கும் துரு. அவளுடைய மாமியார் கரையில் நின்று பேசியதை நான் இங்கே எழுத முடியாது. அந்தக் கூத்து முடிவதற்குள் மத்தியானக் காற்று கிளம்பியது. பாய் உப்பியது, கப்பல் ஒரு உதறு உதறியது, சங்கிலியும் நங்கூரமுமாக நிதானமாகக் கிளம்பிப் போய் துடுப்புப் படகுகள் நிற்கிற இடத்தில் முட்டி நின்றது.

சூப்பர்வைசருக்கு முகம் சிறுத்துப்போனது. "ஒரு தடவ விடறனுங்க" என்றார்.

எனக்கு உள்ளூர ஒரே குஷி. சங்கிலியைக் கழற்றினோம். மூங்கிலை மறுபடியும் எடுத்து, என் அண்ணன் கயிற்றை அந்த அளவுக்கு நறுக்கென்று வெட்டிக் கட்டினான். வெட்டியது போக மிச்சமிருந்ததுதான் அதிகம். "நல்ல கவுறு, வீணாக்காத கண்ணு, எதுக்காவது ஆகும்" என்று அதைச் சுருட்டி என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். கப்பல் நிமிர்ந்து நின்றது. துரு இல்லை, மூக்குக் குனியவில்லை. நான் என் கணவரைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை அவர் இன்னும் சொல்லிக்காட்டுவார்.

அந்தச் சிரிப்புக்கு ஆயுசு கம்மி. கோடை மழைக்கு முன்னால் வருகிற காற்று ஒன்று, நேராக மலைமேலிருந்து ஏரிக்குள் இறங்கியது. கப்பல் முன்னைவிட வேகமாகப் போனது. ஒரு பள்ளிக்கூட வாத்தியார் குடும்பம் உள்ளே உட்கார்ந்திருந்தது. அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. வாத்தியார், கப்பல் ஓடும் என்று போர்டில் போடவில்லையே, இதற்குத் தனியாகக் காசா என்று மட்டும் கேட்டார். ஆனால் சூப்பர்வைசர் சிரிக்கவில்லை.

"ஏனுங்க, இன்னொருக்கா இப்பிடி ஆச்சுதுன்னா எனக்கு வேற வழியில்லீங்க. கரையேத்திருவேன். சீசன்ல நாலு பேரு அடிபட்டா நாந்தானுங்க பதில் சொல்லோணும்."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அன்று சாயங்காலமே சேலத்துக்குச் செய்தி போய்விட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை கோடை விழா பார்க்கக் குடும்பத்தோடு வருவதாகவும், கையோடு டெம்போ எடுத்து வருவதாகவும், சாமான்களைக் கட்டி வைக்கும்படியும் மாமாவிடமிருந்து பதில் வந்தது. என் கணவர் காமிராவைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த காமிராவையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

நான் சாமான் கட்டினேன். பாத்திரங்களைச் சாக்கில் போட்டு, மெத்தையைச் சுருட்டி, டிரங்குப் பெட்டியை மூடி, எல்லாவற்றையும் அண்ணன் கொடுத்துவிட்டுப்போன மிச்சக் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். கட்டுகிறபோது அழுகை வந்தது. யாருக்குத் தெரிந்தால் என்ன என்று அழுதேன். ஒரு சின்ன வீட்டுக்கு, அதுவும் வாடகை வீட்டுக்கு, இப்படி அழுவேன் என்று நான் நினைத்ததில்லை.

மறுநாள் காலையில் கொல்லைப்புறம் போனால், பால்காரர் மாடு என் மேரக்காய்ப் பந்தலில் நின்று சாவகாசமாகக் கொடியை மென்றுகொண்டிருந்தது. கழுத்துக் கயிறு தரையில் இழுபட, அதன் நுனியில் பிடுங்கிய முளைக்குச்சி. ஊரை விட்டுப் போகிறவளுக்கு மேரக்காய் எதற்கு என்று விட்டிருக்கலாம். எனக்கு வந்த கோபத்துக்கு மாட்டைப் பிடித்து இழுத்துப்போய் முளையை மறுபடி அடித்தேன். பால்காரர் கயிற்றைச் சுருக்கிக் கட்டியிருந்தார், மாடு பந்தல் பக்கம் வரக்கூடாதென்று. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. சின்ன வயசில் மாரமங்கலத்தில் எங்கள் மாட்டை நான்தான் கட்டுவேன். கயிற்றைக் குறுக்கினால் மாடு தலையைத் தூக்குகிறபோதெல்லாம் முளை மேலே வரும், நாலு தடவையில் பிடுங்கிக்கொள்ளும். கயிற்றை நீளமாக விட்டால் மாடு என்ன இழுத்தாலும் முளை சாய்ந்துகொடுத்து மண்ணுக்குள்ளேயே நிற்கும். இதுகூடத் தெரியாமல் ஒரு மனுஷர் மாடு வளர்க்கிறாரே என்று வாய்க்குள் திட்டிக்கொண்டே கயிற்றைத் தளர்த்தினேன்.

தளர்த்திய கை அப்படியே நின்றுவிட்டது.

"ஏனுங்க! இங்க வாங்க, ஓடி வாங்க!" என்று கத்தினேன். பாம்போ என்று நினைத்து அவர் தடியோடு ஓடி வந்தார்.

"முளைய மேல பாத்து இழுங்க."

"எதுக்கு புள்ள?"

"இழுங்கன்னா!"

இழுத்தார். முளை நோகாமல் வந்தது, அவர் மல்லாக்க விழுந்தார். எழுப்பிவிட்டு, முளையை மறுபடி அடித்து, நீளக் கயிற்றின் அந்த நுனியைக் கையில் கொடுத்தேன். "இப்ப அங்க போய் நின்னு இழுங்க." தம் கட்டி இழுத்தார். முளை அசையவில்லை. மாடு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தது.

அவர் குனிந்து முளையைத் தொட்டுப் பார்த்தார். "கெணத்து அளவுல வெட்டிப்புட்டமா?" என்றார்.

"ரெண்டு ஊட்டுக்காரங்களுந்தான் வெட்டுனீங்க. நங்கூரத்துக்கு நேர் மேல கப்பல நிறுத்துனா, கப்பல் எந்திரிக்கறப்பல்லாம் அதையுந் தூக்கிக்கிட்டுத்தான போகும்?"

சங்கிலியா கயிறா என்று ஒரு வாரம் தின்ற இட்லியெல்லாம் வீண். நீளம்தான் போதவில்லை. அதுவும், இழுத்து நீட்டிவிடத் தேவையான கயிறு எங்கள் வீட்டுக்குள்ளேயே, என் சாமான்மூட்டைகளைச் சுற்றிக்கொண்டு கிடந்தது.

நான் உள்ளே போய் முடிச்சுகளை அவிழ்க்க ஆரம்பித்தேன். அவர் பின்னாலேயே வந்தார். "ஏம்புள்ள, ஞாயித்துக்கெழம அண்ணன் வந்து கேட்டாருன்னா?" என்றார். "கேக்கட்டுங்க" என்றேன். மெத்தை தானாகப் பிரிந்து விரிந்துகொண்டது. பாத்திரங்கள் சாக்கிலிருந்து உருண்டன. பெட்டியைச் சுற்றிய கயிற்றை அவரே அவிழ்த்தார். அந்த நிமிஷம் அவர்மேல் எனக்கு வந்த பிரியத்தை அளக்க மூங்கில் கிடையாது.

கயிறு முழுவதும் ஒன்றாக முடியப்பட்டது. அப்போது என் கணவர் மூலையில் கிடந்த சங்கிலியைப் பார்த்தார். "அண்ணன் வந்து பாத்து, அவரு சங்கிலியத் தூக்கிப் போட்டுட்டம்னு தெரிஞ்சா சங்கடப்படுவாரு" என்றார். நியாயம்தான். சங்கிலியை மேலே கட்டினால் மூக்குக் குனியும், புடவை துருவாகும். ஆகவே அதைக் கீழே, நங்கூரத்தோடு சேர்த்துக் கட்டி, அதன் நுனியிலிருந்து கயிற்றை ஆரம்பித்தோம். மரியாதைக்காகச் செய்தது அது. ஆனால் தண்ணீரில் போட்டுப் பார்த்தபோது, கனத்த சங்கிலி ஏரியின் அடிச்சேற்றில் படுத்துக்கொண்டு நங்கூரத்தைச் சாய்வாகவே பிடித்து வைத்தது. துடுப்புப் படகில் போய் நானும் அவரும் மாறி மாறி இழுத்துப் பார்த்தோம். அசைந்து கொடுக்கவில்லை.

இப்போது கப்பல் ஒரே இடத்தில் நிற்காது, காற்றடிக்கும் பக்கம் நங்கூரத்தைச் சுற்றிச் சுற்றி வரும். அதனால் படகுத்துறையை விட்டு நன்றாகத் தள்ளிப் போட்டோம். சூப்பர்வைசர் கரையில் நின்று சந்தேகமாகப் பார்த்தார்.

"சுத்துதுங்களே?"

"சுத்துறது நவுர்றதுல சேராதுங்க சார்" என்றேன். அவர் யோசித்துவிட்டு, "இன்னொருக்காத்தானுங்க" என்று விரலைக் காட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை டெம்போ வந்தது. மாமாவும் அக்காவும் இறங்கினார்கள். அக்கா என்பது மாமாவின் மனைவி, எனக்கு ஓரகத்தி. ஏரிக்கரையில் கோடை விழாக் கூட்டம். கப்பலைப் பார்த்ததும் அக்காவுக்கு ஆசை வந்துவிட்டது. "கடைசியா ஒரு படம் எடுத்துக்கிட்டுப் போலாம்" என்று மாமாவே சொன்னார். அந்தக் கடைசி என்ற வார்த்தை எனக்குச் சுருக்கென்றது. மூவரும் துடுப்புப் படகில் போய்க் கப்பலில் ஏறினோம். பாயைப் பிடித்துக்கொள்ள நான் கூடப் போனேன். என் கணவர் கரையில் காமிராவோடு நின்றார்.

அவர் கையைத் தூக்குவதற்குள் காற்று இறங்கியது. முன்னே வந்த இரண்டு காற்றையும் சேர்த்துக் கட்டினாலும் இதற்கு ஈடாகாது. ஏரி முழுக்கச் சுருக்கம் விழுந்தது. துடுப்புப் படகுகள் எல்லாம் கத்திக்கொண்டே துறைக்குத் திரும்பின. பாய் படாரென்று உப்பியது, கப்பல் கிளம்பியது. அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். மாமா மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, இது நிக்குமா நிக்காதா?"

நிற்காவிட்டால் அத்தோடு எல்லாம் முடிந்தது. கயிறு தண்ணீரிலிருந்து மேலே எழும்பி நீண்டு விறைத்தது. அதன் மேல் நானே போட்ட முடிச்சுகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. கப்பல் பெரிய வட்டமாக ஒரு சுற்று வந்தது. அப்புறம் காற்றைப் பார்த்துத் திரும்பி, அங்கேயே நின்றது. துறைப்பக்கம் ஒரு சாண்கூடப் போகவில்லை.

"நிக்குமுங்க மாமா. உங்க சங்கிலிதானுங்க கீழ இருக்குது" என்றேன்.

மாமா மரத்தை விட்டார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, தலையைத் தடவிச் சரிசெய்து, கரையைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தார். என் கணவர் அந்த நேரத்தில்தான் படம் எடுத்தார். பின்னால் ஏரி கொதிக்க, பாய் உப்ப, கப்பல் ஆடாமல் நிற்க, அண்ணன் ராஜா மாதிரி. அக்கா கண்ணை மூடிக்கொண்டு விட்டாள், அது வேறு விஷயம்.

காற்று நின்று நாங்கள் கரையேறியபோது, கப்பலில் படம் எடுக்க வேண்டும் என்று கூட்டம் நின்றது. சொந்தக் காமிரா தொங்கவிட்டவர்களும் அதில் இருந்தார்கள். அத்தனை காற்றிலும் நின்ற கப்பலை எல்லோரும்தான் பார்த்திருந்தார்களே! சூப்பர்வைசர் கூட்டத்தை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தார். மாமா அதையெல்லாம் பார்த்தார். டெம்போ டிரைவரோடு நேராக எங்கள் வீட்டுக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

உள்ளே மெத்தை விரித்தபடி கிடந்தது. பாத்திரங்கள் தரையெல்லாம் பரப்பிக் கிடந்தன. பெட்டி திறந்திருந்தது. மாமா நடுவில் நின்று சுற்றிலும் பார்த்தார்.

"என்னம்மா, ஒண்ணையுங் கட்டலியா? கவுறு எங்க?"

"ஏரிக்குள்ள கெடக்குதுங்க மாமா."

டிரைவர் முந்திக்கொண்டு, "கடைவீதியில வாங்கிட்டு வந்தர்றனுங்க" என்றார்.

மாமா குனிந்து, காலடியில் கிடந்த என் உப்பு ஜாடியை எடுத்து, மூடி சரியாக இருக்கிறதா என்று பார்த்து, அடுப்புத் திண்டின்மேல் வைத்தார்.

"கவுறு ஒண்ணும் வேண்டாம். நீ போய் வண்டியத் திருப்பு" என்றார்.